பூனையின் டி.என்.ஏ. ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

எங்கள் பூனை லட்டுவுக்கு நாலரை வயது இருக்கும்போது ஒரு நாளைக்கு மூன்று கிண்ணம் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். ஏப்ரல் மாதம், தண்டையார்பேட்டை வெயில், எங்களுடையது மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற வீடு, தாகமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். எடை குறைந்து முதுகெலும்பு கையில் தட்டுப்பட்ட பிறகுதான் கூடையில் வைத்து ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள். "இது பிறவியிலேயே வர்றது. அப்பா அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்திருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். என் மனைவி உடனே போனைத் திறந்து, விற்றவர் அனுப்பியிருந்த ரிப்போர்ட்டைக் காட்டினார். டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆண் பூனையோட ரிப்போர்ட்டுங்க. அதுவும் கலர் டெஸ்ட் மட்டும்தான் இருக்கு" என்றார்.

நாலு வருஷமாக அந்தத் தாள் எங்கள் போனில் இருந்தது. ஒரு தடவைகூடப் படித்ததில்லை. ரிப்போர்ட் இருக்கிறது என்று சொன்னதே எங்களுக்குப் போதுமானதாக இருந்துவிட்டது. லட்டு அடுத்த வருஷம் போய்விட்டாள். இப்போது வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஜன்னலில் ஒரு பெர்சியன் உட்கார்ந்திருக்கிறது, முதல் தடவையாகப் பூனை வளர்ப்பவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறிவியல் பட்டம் எதுவும் தேவையில்லை. பத்தாம் வகுப்பில் மெண்டலின் நெட்டை, குட்டைப் பட்டாணிச் செடிக்குக் கட்டம் போட்டது ஞாபகம் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முதலில், கையில் இருப்பது எந்தத் தாள்?

"பேப்பர் இருக்குண்ணா" என்று சொல்கிறார்களே, அந்தப் பேப்பர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். சி.எஃப்.ஏ., டிக்கா, டபிள்யூ.சி.எஃப். போன்ற பதிவு அமைப்புகளின் வம்சாவளிச் சான்றிதழ் என்றால், அதில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பெயர்களும் நிறமும் இருக்கும். குட்டிக்கு என்ன நோய் வரும், வராது என்பதை அது சொல்லாது. தடுப்பூசி கார்டு வேறு. ரத்தத்தில் இரண்டு மூன்று சொட்டு எடுத்துப் பத்து நிமிஷத்தில் கோடு விழுகிறதா என்று பார்க்கும் கிட் ஒன்று இருக்கிறது, அது பூனைகளுக்கு வரும் லுகேமியா வைரஸ், எய்ட்ஸ் போன்ற வைரஸ் ஆகியவற்றுக்கான சோதனை. பூனைக்குப் பூனை தொற்றுகிற வைரஸுக்கும் அப்பா அம்மாவிடமிருந்து வருகிற மரபணுவுக்கும் சம்பந்தமில்லை. அந்தக் கிட்டின் போட்டோவை அனுப்பி "எல்லா டெஸ்ட்டும் நெகட்டிவ்" என்று சொன்னால், மரபணுச் சோதனை நடக்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மரபணு ரிப்போர்ட் என்பது ஒரு ஆய்வகம் பூனையின் கன்னத்துக்குள் தேய்த்தெடுத்த மாதிரியிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ டி.என்.ஏ.வைப் பிரித்து, குறிப்பிட்ட சில மரபணுக்களில் குறிப்பிட்ட சில பிறழ்வுகள், அதாவது நோயை உண்டாக்கும் மாற்றங்கள், இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து எழுதித் தருவது. "குறிப்பிட்ட சில" என்பதை மறக்காதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

யாருடைய ரிப்போர்ட் என்று பாருங்கள்

முடிவுகளுக்குப் போகும் முன் மேல் பாதியைப் படியுங்கள். பூனையின் பெயர், இனம், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, மாதிரி எடுத்த தேதி, மைக்ரோசிப் எண். சிப் எண் 15 இலக்கம் இருக்கும். அரிசி அளவு சிப், கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும், மருத்துவரிடம் ரீடர் இருந்தால் ஒரு நிமிஷத்தில் படித்துவிடலாம். ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் பூனையின் உடம்பில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது அந்தப் பூனையின் ரிப்போர்ட். சிப் எண் இல்லாத ரிப்போர்ட் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை எந்தப் பூனைக்கு வேண்டுமானாலும் காட்டலாம். மாதிரியை மருத்துவர் எடுத்தாரா, வளர்ப்பவரே எடுத்தாரா என்றும் சில ஆய்வகங்கள் குறிப்பிடும். மருத்துவர் சிப்பைச் சரிபார்த்து எடுத்ததற்குத்தான் மதிப்பு அதிகம்.

பெரும்பாலும் குட்டிக்கு ரிப்போர்ட் இருக்காது, அப்பா அம்மாவுக்குத்தான் இருக்கும். அது தப்பில்லை. அப்பா, அம்மா இருவருமே ஒரு பிறழ்வு இல்லாதவர்கள் என்று சோதனையில் வந்திருந்தால், குட்டிக்கும் அது வராது. ஆனால் இருவரின் ரிப்போர்ட்டும் வேண்டும். அப்பா இறக்குமதி செய்த பூனை, அதற்கு அழகாக பி.டி.எஃப். இருக்கும், அம்மாவைப் பற்றிக் கேட்டால் பேச்சு மாறும். பாதி ரிப்போர்ட் பாதி பதில்தான்.

இன்னொன்று, ஸ்கிரீன்ஷாட் வாங்காதீர்கள். முழு பி.டி.எஃப். கேளுங்கள். வெட்டிய படத்தில் வேண்டாத வரி வெளியே போயிருக்கும்.

உங்கள் இனத்துக்கு எது முக்கியம்?

இப்போதைய சோதனைகள் ஒரே தடவையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பிறழ்வுகளைப் பார்த்துப் பக்கம் பக்கமாகத் தருகின்றன. பக்கத்துக்குப் பக்கம் பச்சை டிக் பார்த்து மயங்க வேண்டாம். நார்வே காட்டுப் பூனைக்கு வரும் நோய் உங்கள் பெர்சியனுக்கு இல்லை என்பதில் பெரிய சந்தோஷம் ஒன்றுமில்லை. உங்கள் இனத்துக்கான வரி எங்கே என்று தேடுங்கள்.

பெர்சியன், ஹிமாலயன், எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர் என்றால் முதலில் பி.கே.டி., சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வருகிற நோய். அதுதான் லட்டுவுக்கு இருந்தது. பெர்சியன் ரத்தம் கலந்த பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், ஸ்காட்டிஷ் ஃபோல்டு போன்றவற்றுக்கும் அதைப் பார்க்க வேண்டும். அப்புறம் பெர்சியனுக்கு பி.ஆர்.ஏ. எனும் விழித்திரை நோய், குட்டிக்கு நாலு மாதம் ஆகும்போதே பார்வை பெரும்பாலும் போய்விடுகிற வகை. மெய்ன் கூன், ராக்டால் இரண்டுக்கும் இதயத் தசை தடிக்கிற ஹெச்.சி.எம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: இரண்டு இனங்களிலும் பாதிக்கப்படுவது ஒரே மரபணுதான், ஆனால் பிறழ்வு வேறு வேறு. மெய்ன் கூனில் ஏ31பி, 2005இல் கண்டுபிடித்தார்கள். ராக்டாலில் ஆர்820டபிள்யூ, 2007இல். ராக்டாலுக்கு மெய்ன் கூன் பிறழ்வை மட்டும் பார்த்துவிட்டு "ஹெச்.சி.எம். கிளியர்" என்று எழுதினால் அது பயனில்லாத கிளியர். மெய்ன் கூனுக்கு இவற்றோடு பின்னங்கால் தசை பலவீனமாகும் எஸ்.எம்.ஏ.வும் பார்க்க வேண்டும். அபிசீனியன், பெங்கால் இரண்டுக்கும் ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைகிற பி.கே. குறைபாடும், பார்வை மெதுவாகப் போகிற பி.ஆர்.ஏ. வகைகளும்.

பி.கே.டி.யையும் பி.கே. குறைபாட்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஏமாறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னது சிறுநீரகம், பின்னது ரத்தம். எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

எழுத்துகளின் கணக்கு

பூனைக்கு 38 குரோமோசோம்கள், 19 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. அதனால்தான் முடிவு பெரும்பாலும் நடுவில் கோடு போட்டு இரண்டு எழுத்தாக வரும். "என்/என்" என்றால் இரண்டு பிரதியும் இயல்பானவை. ஒரு "என்", ஒரு வேறு எழுத்து என்றால் ஒரு பிரதியில் பிறழ்வு. இரண்டிலும் வேறு எழுத்து என்றால் இரண்டு பிரதியிலும் பிறழ்வு. சில ஆய்வகங்கள் எழுத்துக்குப் பதிலாக 0, 1, 2 பிரதிகள் என்று எழுதும், கணக்கு ஒன்றுதான்.

ஒரு பிரதி இருந்தால் பூனைக்கு என்ன ஆகும்? இது எழுத்தைப் பார்த்துத் தெரியாது, நோயைப் பொறுத்தது. எல்லாரும் குழம்புகிற இடம் இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள்.

பி.ஆர்.ஏ., பி.கே. குறைபாடு, எஸ்.எம்.ஏ. எல்லாம் ஒடுங்கு தன்மை உள்ளவை. குட்டைப் பட்டாணி மாதிரி, இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் இருக்கும் பூனையை ரிப்போர்ட்டில் கேரியர் என்பார்கள், அதாவது கடத்தி. அதற்கு அந்த நோய் வராது. கேரியர் என்று பார்த்ததும் குட்டியைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள், வீட்டில் செல்லமாக வளர்த்து கருத்தடை செய்யப்போகிற பூனைக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. க்ராஸிங் விடுவதென்றால்தான் கணக்கு வேண்டும். கேரியரை, பிறழ்வே இல்லாத பூனையோடு சேர்த்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதி கேரியர், எதற்கும் நோய் வராது. கேரியரோடு கேரியரைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, நோயோடு பிறக்க. ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி. நாலு குட்டி பிறந்தால் சரியாக ஒன்றுக்குத்தான் வரும் என்று அர்த்தமில்லை, ஒன்றுக்கும் வராமலும் போகலாம், மூன்றுக்கு வந்தாலும் வரலாம்.

கேரியர் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடுவதும் சரியில்லை. ஏற்கெனவே சின்ன வட்டத்துக்குள் பெருகுகிற இனங்கள் இவை. நல்ல பூனைகளை ஒரு எழுத்துக்காக விலக்கிக்கொண்டே போனால் மிச்சமிருப்பவை எல்லாம் நெருங்கிய சொந்தமாகிவிடும், வேறு புதிய நோய்கள் கிளம்பும். பிறழ்வு இல்லாத துணையோடு சேர்த்து, குட்டிகளைச் சோதித்து, அவற்றில் சுத்தமானதை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்வதுதான் பொறுமையான வழி.

பி.கே.டி. இதற்கு நேர் எதிர். அது ஓங்கு தன்மை. ஒரே ஒரு பிரதி போதும், பூனைக்கு நோய் உண்டு. இதில் கேரியர் என்ற பேச்சே கிடையாது. யாராவது "பி.கே.டி. கேரியர்தான், ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டு பிரதி உள்ள குட்டிகள் கருவிலேயே தங்குவதில்லை, அதனால் உயிரோடு இருக்கும் பூனையின் ரிப்போர்ட்டில் இரண்டே சாத்தியம்: இல்லை, அல்லது ஒரு பிரதி. நோயுள்ள பூனையை நோயில்லாத பூனையோடு சேர்த்தாலும் ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்தப் பிறழ்வை 2004இல் அடையாளம் கண்டார்கள். அதற்கு முன்பு பல நாடுகளில் ஸ்கேன் செய்து பார்த்தபோது பெர்சியன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கட்டிகள் இருந்தன. கட்டிகள் பிறவியிலேயே இருக்கும், மெதுவாக வளரும். பூனை ஓடி ஆடிக்கொண்டிருக்கும், குட்டியும் போடும், அந்தக் குட்டிகள் விற்றும் போயிருக்கும், அதற்கப்புறம்தான் நோய் வெளியே தெரியும். லட்டுவின் அம்மாவோ அப்பாவோ அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு பிரதி இருக்கிற பெர்சியனை க்ராஸிங் விடவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் உங்கள் பூனைக்கு பி.கே.டி. வந்திருக்கிறது என்றால் அதோடு முடிந்துவிடவில்லை. ஒரே குடும்பத்திலேயே ஒன்றுக்கு நாலு வயதில் முற்றும், இன்னொன்று பன்னிரண்டு வயதுவரை நன்றாக இருக்கும். வருஷம் ஒரு தடவையாவது ஸ்கேன், ரத்தத்தில் கிரியேட்டினின், ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீர் நிறைய உள்ளே போகிற மாதிரி ஈர உணவு கொடுங்கள், வலி மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நமக்குப் போடுகிற பாராசிட்டமால் பூனைக்கு விஷம், எந்தப் பூனைக்கும்.

ஹெச்.சி.எம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு பிரதி இருந்தால் ஆபத்து கொஞ்சம்தான் கூடும், பல பூனைகளுக்கு நோயே வராது. இரண்டு பிரதி இருந்தால் இளவயதிலேயே, கடுமையாக வருகிற வாய்ப்பு பல மடங்கு. இரண்டு பிரதி உள்ள பூனையை இனப்பெருக்கத்துக்கு வைக்கக் கூடாது. ஒரு பிரதி என்றால் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பார்க்கிற மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

"கிளியர்" என்றால் என்ன?

சோதித்த அந்தப் பிறழ்வு இந்தப் பூனையில் இல்லை. அவ்வளவுதான். "குறிப்பிட்ட சில" என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஹெச்.சி.எம். சோதனையில் "என்/என்" வந்த மெய்ன் கூனுக்கும் ஹெச்.சி.எம். வரலாம், ஏனென்றால் இன்னும் அடையாளம் காணாத வேறு காரணங்களாலும் அந்த நோய் வருகிறது. பெர்சியன்களுக்கும் ஹெச்.சி.எம். வருகிறது, ஆனால் மெய்ன் கூன் பிறழ்வுக்கான சோதனை அவற்றுக்கு எதையும் சொல்லாது. இதயத்துக்கு எக்கோதான் கடைசி வார்த்தை. சிறுநீரகத்துக்கு, பத்து மாதம் ஆன பூனையில் அனுபவமுள்ளவர் ஸ்கேன் செய்தால் பி.கே.டி. கட்டிகள் பெரும்பாலும் தெரிந்துவிடும். மரபணுச் சோதனையும் ஸ்கேனும் ஒன்றுக்கொன்று துணை. நம் பகுதிக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி, 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது, தண்டையார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நில்லுங்கள், ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள்.

ரத்தப் பிரிவு வரியைத் தாண்டிப் போகாதீர்கள்

பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று பிரிவுகள். மனிதர்களுடைய பிரிவோடு பெயர் மட்டும்தான் ஒற்றுமை. பெரும்பாலான பூனைகள் ஏ. ஆனால் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், பெர்சியன், டெவன் ரெக்ஸ் போன்ற இனங்களில் பி பிரிவும் கணிசமாக உண்டு. பி பிரிவுப் பூனையின் உடம்பில் பிறவியிலேயே ஏ ரத்தத்துக்கு எதிரான வலுவான எதிர்ப்புப் பொருள் இருக்கும். பி பிரிவு அம்மாவை ஏ பிரிவு ஆணோடு சேர்த்தால், ஏ பிரிவாகப் பிறக்கும் குட்டிகள் முதல் சீம்பாலைக் குடித்ததும் அந்த எதிர்ப்புப் பொருள் உள்ளே போய் அவற்றின் சிவப்பணுக்களை உடைக்கும். நன்றாகப் பிறந்த குட்டிகள் ஓரிரு நாளில் சோர்ந்து, சிறுநீர் செம்பழுப்பாகப் போய், ஒவ்வொன்றாகச் சாகும். திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டில் ஒரே ஈற்றில் ஐந்தில் நாலு போயின, கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சைப்பழம் சுற்றிப் போட்டார்கள். அப்புறம் ரத்தம் பரிசோதித்தபோதுதான் அம்மா பி என்று தெரிந்தது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பி பிரிவு ஆணாகப் பார்த்திருக்கலாம், அல்லது பிறந்த முதல் நாள் முழுக்கக் குட்டிகளை அம்மாவிடம் குடிக்கவிடாமல் புட்டிப்பால் கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம். அறுவைசிகிச்சைக்கோ ரத்தம் ஏற்றவோ போனாலும் இந்த வரி மருத்துவருக்குத் தேவை.

நிறமும் முடியும்

இந்தப் பகுதியைச் சீக்கிரம் கடக்கலாம். நிறம், முடி நீளம் பற்றிய பக்கங்கள் பார்க்க அழகாக இருக்கும், பூனையின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. நீள முடி ஒடுங்கு தன்மை, அதனால் குட்டை முடி அப்பா அம்மாவுக்கும் நீள முடிக் குட்டி பிறக்கலாம், யாரையும் சந்தேகப்பட வேண்டாம். சயாமீஸ், ஹிமாலயன் பூனைகளின் முகமும் காலும் வாலும் மட்டும் கறுப்பது உடம்புச் சூட்டைப் பொறுத்தது, சூடு குறைந்த இடத்தில்தான் அந்த நிறமி உருவாகும். நம் ஊர் வெயிலில் அவை வெளிறித் தெரிந்தால் கலப்படம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். "ட்ரிபிள் கோட்" (அடர்ந்த முடி), "பன்ச் ஃபேஸ்" (தட்டை முகம்) இரண்டும் விற்பனைப் பேச்சு, அவற்றுக்கு மரபணுச் சோதனை கிடையாது. காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டுக்குச் சோதனையே வேண்டாம், காது மடிந்திருக்கிறது என்றாலே பிறழ்வு இருக்கிறது, அதே பிறழ்வு மூட்டுகளின் குருத்தெலும்பையும் கெடுக்கும், வலிக்கும். காது மடிந்த இரண்டைச் சேர்ப்பது கொடுமை. நான் வாங்க மாட்டேன், நீங்களும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நீங்களே சோதனை எடுப்பதானால்

மாதிரி எடுக்கும் முன் ஒரு மணி நேரம் சாப்பாடு வேண்டாம், மத்தி மீன் தின்ற வாயில் குச்சியைவிட்டால் மீனும் சேர்ந்து வரும். பால் குடிக்கிற குட்டி என்றால் இன்னும் கவனம், அம்மாவின் செல்கள் குட்டியின் வாயில் ஒட்டியிருக்கும், அதனால் சில மணி நேரம் பிரித்துவைத்துவிட்டு எடுக்க வேண்டும், பால் மறந்த பிறகு எடுப்பது இன்னும் நல்லது. கன்னத்தின் உட்புறத்துக்கும் ஈறுக்கும் நடுவில் குச்சியை வைத்து ஆய்வகம் சொன்ன நேரம்வரை சுழற்றுங்கள். ஒரு பூனைக்கு எடுத்ததும் கையைக் கழுவிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கடற்கரையை ஒட்டிய நம் வீடுகளில் காற்றே ஈரம், குச்சியை ஃபேனுக்குக் கீழே நன்றாக உலரவிட்டு, ஆய்வகம் கொடுத்த உறையில் போடுங்கள். உறை கொடுக்கவில்லை என்றால் காகித உறை. ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் மூடினால் பூஞ்சை வந்து மாதிரி வீணாகும். உறைமேல் பெயரையும் சிப் எண்ணையும் அப்போதே எழுதுங்கள், மூன்று பூனைக்கு எடுத்துவிட்டு எது எது என்று மறந்துபோனால் திரும்பப் பணம் கட்ட வேண்டும்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன்பே இந்தச் செய்தியை அனுப்புங்கள்: "அண்ணா, குட்டியோட அப்பா, அம்மா ரெண்டு பேரோட மரபணு ரிப்போர்ட்டும் முழு பி.டி.எஃப்.ஆ வேணும். பி.கே.டி., பி.ஆர்.ஏ., ரத்தப் பிரிவு இருக்கணும், சிப் நம்பர் தெரியணும். நேர்ல வரும்போது சிப் ரீட் பண்ணிப் பார்த்துக்கலாமா?" ஒழுங்காக வளர்ப்பவர் இதற்குச் சந்தோஷப்படுவார், தானாகவே நாலு விஷயம் கூடச் சொல்வார். கோபப்பட்டால் விட்டுவிடுங்கள், வேறு குட்டி கிடைக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் பூந்தி இருக்கிறாள், இரண்டு வயது. பி.கே.டி. இல்லை, பி.ஆர்.ஏ.வுக்குக் கேரியர், ரத்தம் ஏ. பத்து மாதத்தில் ஸ்கேனும் எடுத்தோம், சிறுநீரகம் சுத்தம். அதற்கு முன்பே கருத்தடையும் முடித்தாகிவிட்டது. இந்த மூன்று முடிவையும் சிப் எண்ணோடு அவளுடைய தடுப்பூசி கார்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறோம், ராத்திரி அவசரத்துக்கு எந்த மருத்துவரிடம் ஓடினாலும் போனைத் தேடாமல் காட்ட.